பூவுக்குக் காத்திருக்கும் பயணம்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வந்து சேர்ந்தால் அங்கிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தால் சோளக்காடு, அதைத் தாண்டிச் செம்மேடு. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அறப்பளீசுவரரைக் கும்பிடவோ, படியிறங்கி ஆகாய கங்கை அருவியில் குளிக்கவோ, சீக்குப்பாறையில் நின்று கீழே விரியும் சமவெளியைப் பார்க்கவோ வருகிறார்கள். மிளகும் பலாவும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடுகிறார்கள். பறவைக்காக இந்த மலை ஏறுகிறவர்கள் குறைவு. அதிலும் கட்டைவிரல் அளவுக்குச் சற்றே பெரிதான தேன்சிட்டுக்காக ஏறுகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் பறவை பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் முறையாகக் கற்றுக்கொள்ள இந்த மலை நல்ல பள்ளிக்கூடம் என்பது என் உறுதியான எண்ணம். தேன்சிட்டைத் தேடி வருகிறவர் அதைத் துரத்தவும் வேண்டாம், தீனி காட்டி அழைக்கவும் வேண்டாம். எந்தப் பூ எப்போது, எங்கே பூக்கும் என்று தெரிந்துகொண்டு அதன் அருகே காத்திருந்தால் போதும். அப்படிக் காத்திருக்கப் பழகியவருக்கே வெளிநாட்டுப் பறவைப் பயணமும் முழுப் பலன் தரும். இந்தக் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை பல; அவற்றையும் எடுத்துப் பார்ப்போம்.

பறவைப் படம் என்றாலே இன்று பலர் மனத்தில் வருவது அமெரிக்கக் கண்டங்களின் ரீங்காரச் சிட்டுதான். ஹம்மிங்பேர்டு என்று உலகமே அறிந்த அந்தப் பறவை, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அப்படியே நிற்க, இறகின் ஒவ்வொரு தூவியும் தெளிவாகத் தெரியும் படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகின்றன. கேமராவில் பெரிய லென்ஸை மாட்டிய உடனேயே ஈக்வடாருக்கோ கோஸ்டா ரிகாவுக்கோ போக வேண்டும் என்ற ஆசை பிறப்பது இயல்பு. 360க்கும் மேற்பட்ட ரீங்காரச் சிட்டு வகைகள் உண்டு. அலாஸ்கா முதல் தென் அமெரிக்காவின் தென்முனை வரை பரவியிருக்கின்றன. இன்று அவற்றில் ஒன்றுகூட ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ ஆப்பிரிக்காவிலோ இயற்கையில் வாழவில்லை. ஆனால் ஜெர்மனியில் கிடைத்த, ஏறத்தாழ 3 கோடி ஆண்டு பழமையான புதைபடிவங்களை ஆராய்ந்த ஜெரால்டு மாயர், அவை ரீங்காரச் சிட்டின் முன்னோர் வகை என்று 2004-ல் எழுதினார். ஆக, ஒரு காலத்தில் பழைய உலகிலும் அந்தக் குலம் பறந்திருக்கிறது, பிறகு மறைந்திருக்கிறது. பூத்தேனை நம்பி வாழும் அந்த இடத்தில் இன்று நம் பக்கம் இருப்பது தேன்சிட்டுக் குடும்பம். ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு முனை வரை 140க்கும் மேற்பட்ட வகைகளாக அது வாழ்கிறது. இரண்டு குடும்பங்களுக்கும் நெருங்கிய இரத்த உறவு கிடையாது. ரீங்காரச் சிட்டுக்கு நெருங்கிய சொந்தம் உழவாரன் குருவி. தேன்சிட்டோ காகமும் சிட்டுக்குருவியும் அடங்கிய பாடும் பறவைகளின் பெருங்குலத்தைச் சேர்ந்தது. தேன் குடிக்கும் தொழில் ஒன்றாக இருந்ததால்தான் நீண்ட அலகும், குழல் போல நீளும் நாக்கும், பளபளக்கும் இறகும் இரண்டுக்கும் தனித்தனியே வாய்த்தன.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் உண்ணும் முறையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. படம் பிடிக்கிறவருக்கு அதுதான் முக்கியம். ரீங்காரச் சிட்டு இறக்கையைக் கீழே அடிக்கும்போது மட்டுமல்லாமல் மேலே தூக்கும்போதும் காற்றைத் தள்ளித் தன்னைத் தாங்கிக்கொள்கிறது. அதன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கீழ்வீச்சும் கால் பங்கை மேல்வீச்சும் சுமக்கின்றன என்று 2005-ல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. மற்றப் பறவைகளில் கிட்டத்தட்ட முழுச் சுமையும் கீழ்வீச்சின் மேல்தான். அதனால் ரீங்காரச் சிட்டுக்கு அமர்ந்து குடிக்கக் கிளை தேவையில்லை. அதை நம்பி வளர்ந்த அமெரிக்கப் பூக்கள் பலவும் கிளை நுனியில் தனியாகத் தொங்குகின்றன. தேன்சிட்டாலும் சில நொடிகள் அந்தரத்தில் நிற்க முடியும். ஆனால் அதற்குச் செலவு அதிகம். காலூன்ற இடம் இருந்தால் அதையே நாடும். நம் ஊர்ப் பூச்செடிகளில் காம்போ கிளையோ மொட்டோ ஏதாவது ஒன்று பூவுக்கு அருகே பிடிமானமாக இருக்கும். அதைப் பற்றித் தொங்கி, தலைகீழாகக் கவிழ்ந்து, கழுத்தை வளைத்து அலகை நுழைப்பதுதான் தேன்சிட்டின் வழி. ரீங்காரச் சிட்டின் படத்தைப் பார்த்துவிட்டு அதே அந்தரக் காட்சியைக் கொல்லிமலையில் தேடுகிறவர் ஏமாந்து போவார். தேன்சிட்டு தன் உடம்பால் காட்டும் வித்தையைத் தேடுகிறவருக்கோ ஒவ்வொரு பூங்கொத்திலும் புதிய நிலை ஒன்று கிடைக்கும்.

நாம் வியந்து பார்க்கும் ரீங்காரச் சிட்டுப் படங்கள் எப்படிப் பிறந்தன என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. வினாடிக்கு 50 தடவைக்கு மேல் அடிக்கும் இறக்கையைச் சாதாரண ஷட்டரால் முழுதாக உறைய வைப்பது கடினம். மின்னொளியைக் கண நேரத்துக்குப் பாய்ச்சும் நுட்பத்தை அமெரிக்காவின் ஹெரால்டு எட்ஜர்ட்டன் வளர்த்தெடுத்த பிறகே அது கைகூடியது. அந்த நுட்பத்தைக் கொண்டு டூபான்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த கிராஃபோர்டு கிரீன்வால்ட் பல நாடுகளில் ரீங்காரச் சிட்டுகளைப் படம் பிடித்து 1960-ல் ஒரு நூலாக வெளியிட்டார். இறக்கை இயங்கும் விதத்தையும் இறகு நிறம் மாறும் விதத்தையும் உலகம் புரிந்துகொள்ள அந்த நூல் உதவியது. அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. அதன் வழியில் இன்று ஒரு முறையே நிலைபெற்றுவிட்டது. சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிடுவார்கள். பறவை பழகியதும் புட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூவை நிறுத்துவார்கள். சுற்றிலும் நாலைந்து ஃபிளாஷ், பின்னால் வண்ணம் தீட்டிய அட்டை. படம் பிழையில்லாமல் வரும். ஆனால் அந்தப் பறவை எந்தக் காட்டில், எந்த மாதத்தில், எந்தச் செடியை நம்பி வாழ்கிறது என்று அந்தப் படம் சொல்லாது. பூவும் பறவையும் இயற்கையில் ஒன்றையொன்று சந்திப்பவைதானா என்றுகூட அதைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. பறவையின் உருவம் கிடைத்துவிடுகிறது, அதன் வாழ்க்கை விடுபட்டுப்போகிறது.

இனி மலைக்கு வருவோம். காரவள்ளிக்குக் கீழே முள்மரங்களும் வேலியோரச் செடிகளும் நிறைந்த வறண்ட காடு. மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்து, 1,000 மீட்டரைத் தாண்டிய மேட்டு நிலத்தில் வாழையும் பலாவும் காப்பியும் மிளகும் கலந்த தோட்டங்கள். ஓடைகளின் ஓரத்தில் சோலைகள். ஒரே காலைப் பொழுதில் இத்தனை வகை நிலத்தைக் கடப்பதால் தேன்சிட்டுகளையும் இடத்தோடு சேர்த்துப் படிக்கலாம். வெயில் விழும் திறந்த புதர்க்காட்டையும் வேலியோரத்தையும் விரும்புவது ஊதாத் தேன்சிட்டு. தோட்டத்திலும் வீட்டு முற்றத்திலும் கூச்சமில்லாமல் திரிவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. அலகு முதல் வால் வரை 10 செ.மீ.க்கும் குறைவு. மரம் அடர்ந்த இடங்களை நாடுவது லோட்டன் தேன்சிட்டு. அரிவாள் போல வளைந்து நீண்ட அதன் அலகே அடையாளம்; 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ஆண்பறவைகளின் மினுமினுப்பு, சாயத்தால் மட்டும் வருவதன்று. இறகின் நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால் வருவது. அதனால் நிழலில் கறுப்பாகத் தெரியும் ஆண் ஊதாத் தேன்சிட்டு, தலையைச் சற்றுத் திருப்பியதும் நீலமும் ஊதாவுமாக எரிகிறது. கொல்லிமலையில் பல காலைகளில் மூடுபனி தோட்டத்தின் மேல் படிந்திருக்கும். அப்போது அந்த நிறம் எழாது. பனி விலகி, சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்து பூவின் மேல் விழும் நேரம்தான் உரிய நேரம். இந்த ஒளியைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை விலை கொடுத்துக் கேமரா வாங்கினாலும் கிடைப்பது கறுப்பு நிழலுருவம்தான்.

பூவைத் தொடர்வது என்றால் என்ன என்பதற்கு இந்த மலையின் வாழைத்தோட்டமே சிறந்த விளக்கம். கொல்லிமலை வாழைக்குப் பெயர் பெற்ற மலை. குலையின் நுனியில் தொங்கும் பூவின் செந்நிற மடல் ஒன்று மேல்நோக்கிச் சுருண்டதும், அதன் அடியில் வரிசையாக இளம்மஞ்சள் பூக்கள் வெளிப்படும். ஒவ்வொன்றின் அடியிலும் பிசுபிசுப்பான தேன். தேன்சிட்டு முதலில் பக்கத்துக் காய்ந்த வாழைச் சருகில் வந்து அமர்ந்து சுற்றிப் பார்க்கும். பிறகு மடலின் விளிம்பைக் காலால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு பூவாக அலகை விட்டு எடுக்கும். மகரந்தம் நெற்றியில் ஒட்டியிருக்கும். முடித்ததும் அடுத்த மரத்துக்குப் போகும். தேன் மீண்டும் ஊறும் நேரம் அதற்குத் தெரியும். அதனால் சுற்றி வந்து அதே பூவுக்குத் திரும்பும். இந்தச் சுற்றை ஒரு முறை பார்த்துவிட்டவர் பறவையின் பின்னால் ஓடமாட்டார். அன்று காலை விரிந்த மடல் எது என்று பார்த்து, ஒளி விழும் பக்கமாக, பறவை அமரும் சருகுக்கு நேராகப் பத்தடி தள்ளி அசையாமல் நிற்பார். ஃபிளாஷும் தேவையில்லை, தீனியும் தேவையில்லை. பறவை அமர்ந்து குடிப்பதால் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி ஷட்டரே பெரும்பாலும் போதும். கிடைக்கும் படத்தில் பறவை இருக்கும், வாழை இருக்கும், பருவம் இருக்கும், அந்த மலையின் விவசாயமும் இருக்கும்.

வாழையைப் போலவே இன்னொரு செடி, பலரும் வெறுக்கும் புல்லுருவி. மாமரத்திலும் மற்றத் தோட்ட மரங்களிலும் ஒட்டிக்கொண்டு அவற்றின் சாற்றை உறிஞ்சும் இதை வெட்டி எறிவதே விவசாயியின் வழக்கம். ஆனால் இதன் நீண்ட குழல் பூக்கள் தேன்சிட்டுக்கு விருந்து. பறவையியலாளர் சாலிம் அலி 1930களின் தொடக்கத்தில் கொங்கணப் பகுதியில் இதைக் கவனித்து ஆய்வுக் கட்டுரை எழுதினார். பூவின் மகரந்தத்தைக் கொண்டுபோவது தேன்சிட்டு, பழத்தைத் தின்று பசையுள்ள விதையை அடுத்த கிளையில் ஒட்டிவைப்பது பூங்கொத்தி என்ற அந்தக் கூட்டுத்தொழிலை அவர் விளக்கினார். ஒரு பறவை பூவைக் காயாக்குகிறது, இன்னொன்று விதையை நடுகிறது. மரத்தில் புல்லுருவிக் கொத்து எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்கத் தெரிந்தவருக்கு இரண்டு பறவைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும். உழவரிடம் கேட்டால் எந்த மரத்தில் புல்லுருவி ஏறியிருக்கிறது, அது எந்த மாதம் பூக்கும் என்று சொல்லிவிடுவார். பறவைக் கையேட்டில் இல்லாத அறிவு இது. மலைவாழ் மக்களிடம் இத்தகைய அறிவு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பறவை பார்க்க வருகிறவர் மதித்துக் கேட்க வேண்டிய முதல் ஆசிரியர்கள் அவர்களே.

இதற்கு எதிராக முதலில் எழும் கேள்வி நியாயமானது. அமெரிக்கக் கண்டங்களில் இலட்சக்கணக்கான வீடுகளில் தீனிப்புட்டி தொங்குகிறது, அதனால் ரீங்காரச் சிட்டு அழிந்துவிட்டதா? ஈக்வடாரின் மிந்தோ போன்ற ஊர்களில் அந்தப் புட்டிகளை நம்பியே விடுதிகள் நடக்கின்றன; அந்த வருமானத்தால் காடும் காக்கப்படுகிறதே என்பார்கள். உண்மைதான். கலிபோர்னியாவை ஒட்டிய பகுதியில் வாழ்ந்த அன்னா ரீங்காரச் சிட்டு, வீட்டுத் தோட்டங்களாலும் தீனிப்புட்டிகளாலும் வடக்கே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை பரவியிருக்கிறது. ஆனால் அதே சான்று இன்னொன்றையும் சொல்கிறது: மனிதன் தொங்கவிடும் ஒரு புட்டி ஒரு பறவையின் வாழிட எல்லையையே மாற்ற வல்லது. மெக்சிகோ நகரத்துப் புறநகர்ப் பூங்கா ஒன்றில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், தீனிப்புட்டிகளுக்கு அருகே இருந்த காட்டுச் செடிக்குப் பறவை வருகை குறைந்ததும் விதை குறைந்ததும் தெரியவந்தன. பறவைக்கு நல்லதாக இருப்பது செடிக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேலும் அங்கே ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர், சாயம் கூடாது, சில நாளுக்கொருமுறை கழுவி மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கு பல ஆண்டுப் பழக்கத்தில் ஊறியிருக்கிறது. அப்படியொரு பழக்கமே இல்லாத மலையில், வாரக் கடைசிக்கு மட்டும் வருகிறவர்கள் புட்டியைத் தொங்கவிட்டுப் போனால், அது புளித்துப் பூஞ்சை பிடித்து நோய்க்கூடாகும். பூ தரும் தோட்டம் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஒரு மலைக்குப் புட்டி தேவையே இல்லை என்பது இவை எல்லாவற்றையும்விட வலுவான காரணம்.

இரண்டாவது கேள்வி: ஊதாப்பிட்டத் தேன்சிட்டு சென்னையிலும் மதுரையிலும் வீட்டுச் செம்பருத்தியிலேயே வருகிறது. இதைப் பார்க்க எதற்கு 70 வளைவு ஏற வேண்டும்? இந்தக் கேள்வியில் ஒரு பாதி என் வாதத்துக்கே துணை. பறவை பார்ப்பது வீட்டில் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் தம் கட்டுரைகளில் யானைக்கும் சிறுத்தைக்கும் கொடுத்த கவனத்தைக் காகத்துக்கும் அணிலுக்கும் கொடுத்தார். தம் கையால் பொருத்திய கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களில் விலங்கின் குணம் தெரிந்தது. வீட்டு வாசலில் தேன்சிட்டின் கூடு தொங்கினால் அதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. சிலந்தி நூலால் நாரும் சருகும் மரப்பட்டைத் துணுக்கும் புழுவின் எச்சமும் சேர்த்துக் கட்டிய பை; பக்கவாட்டில் வாசல், அதன் மேல் சிறு கூரை. குப்பை காற்றில் சிக்கித் தொங்குவது போலத் தெரிவதே அதன் பாதுகாப்பு. ரீங்காரச் சிட்டும் கூடு கட்டச் சிலந்தி நூலைத்தான் எடுக்கிறது. கூடு குஞ்சோடு சேர்ந்து விரிய அந்த நூலின் இழுவை உதவுகிறது. குஞ்சுக்கு இரண்டும் ஊட்டுவது பெரும்பாலும் பூச்சியும் சிலந்தியும். சர்க்கரையால் தசை வளராது. ஆனால் வீட்டில் பார்ப்பது ஒரு பறவையை. மலையில் பார்ப்பது அந்தப் பறவை ஏன் ஒரு செடியை விட்டு இன்னொன்றுக்குப் போகிறது, உயரம் மாறும்போது எந்த வகை குறைந்து எந்த வகை கூடுகிறது என்பதை. வீட்டில் கற்ற எழுத்துகளைச் சேர்த்து வாசிக்கத்தான் மலைக்கு வருகிறோம்.

மூன்றாவது கேள்வி வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றியது. கொல்லிமலையில் எல்லாம் இருக்கிறது என்றால் வெளியே போவது வீண் என்றாகாதா? ஆகாது. அந்தரத்தில் நின்று பின்னோக்கியும் பறக்கும் ஒரு பறவையை நேரில் காண்பது பெரும் பேறு. அதற்கு வசதியுள்ளவர் போக வேண்டும். போனால் ஆயத்தத்தோடு போக வேண்டும். புலம்பெயர்ந்த தமிழருக்கு அந்த வாய்ப்பு வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது. டொரன்டோவில் தமிழர்கள் வாழும் பகுதிகளுக்கு மாணிக்கக் கழுத்து ரீங்காரச் சிட்டு மே மாதம் வந்து செப்டம்பர் வாக்கில் தெற்கே திரும்புகிறது. ஏறத்தாழ 3 கிராம் எடையுள்ள அந்தப் பறவை வலசைக்கு முன் தின்று தின்று தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. அவற்றில் பல, 800 கி.மீ. அகலமுள்ள மெக்சிகோ வளைகுடாவை நில்லாமல் கடக்கின்றன. தேன்சிட்டோடு பழகிய கண் அங்கே போனால் உடனே வேறுபாட்டைப் பிடித்துவிடும்: எங்கே அமர்கிறது, எப்போது அமர்வதில்லை, எந்தப் பூவை ஒதுக்குகிறது, பகல் முழுக்க இத்தனை எரிபொருள் செலவிடும் பறவை இரவை எப்படிக் கடக்கிறது. குளிர் இரவுகளில் உடல் வெப்பத்தைப் பெரிதும் தாழ்த்தி உறைநிலை போன்ற உறக்கத்தில் அது உயிரைச் சேமிக்கிறது. பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் ஒரு வகையின் உடல் வெப்பம் 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதை 2020-ல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். இத்தகைய கேள்விகளோடு போகிறவருக்கு வெளிநாட்டுப் பயணம் கல்வி. கேள்வி இல்லாமல் போகிறவர் மற்றவர் தொங்கவிட்ட புட்டிக்கு முன்னால் வரிசையில் நின்று, மற்றவர் எடுத்த படத்தையே எடுத்துக்கொண்டு திரும்புவார்.

பூவைத் தொடரும் பயணி இன்னொன்றையும் தவறாமல் கவனிப்பார்: மலை மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியது. மறைந்துவரும் சிறுதானிய வகைகளைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலை உழவரோடு சேர்ந்து நெடுங்காலம் உழைத்திருக்கிறது. மிளகுக்கொடி ஏற ஆஸ்திரேலிய மரமான சில்வர் ஓக் வரிசை வரிசையாக நிற்கிறது. நியாயமாகச் சொன்னால், சில்வர் ஓக்கின் ஆரஞ்சு நிறப் பூக்களிலும் தேன் உண்டு, தேன்சிட்டும் வரும். ஆனால் ஒரே வகை மரம் ஒரே பருவத்தில் பூத்து முடித்துவிட்டால் மீதி மாதங்களுக்குத் தேன் எங்கே? கொடிக்காலாகக் கல்யாண முருங்கையும், வேலியில் பூச்செடியும், நடுவே வாழையும் பலாவும் கலந்து நிற்கும் தோட்டத்தில் ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும். சுரங்கம், ஒற்றைப் பயிர், பூச்சிமருந்து என்று நிலம் மாறும்போது முதலில் குறைவது பூச்சி. பூச்சி குறைந்தால் தேன்சிட்டின் குஞ்சுக்கு உணவில்லை. இதைக் காட்டச் சான்று வேண்டும். 1929-ல் தொடங்கிய வெர்னே ஆய்வுப் பயணம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில், நம் பக்கத்துச் சேர்வராயன், சித்தேரி மலைகள் உட்பட, பறவைகளைச் சுட்டுச் சேகரித்துப் பட்டியலிட்டது. அந்தக் காலத்துக்கு அதுவே வழி. இன்று துப்பாக்கி செய்த வேலையைக் கைப்பேசிப் படம் ஒன்று செய்துவிடும்: தேதி, இடம், பூ மூன்றும் சேர்ந்தால் அது ஆவணம். 2015 முதல் பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் பங்கெடுக்கலாம். பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு இணையதளத்தில் பதியலாம். கொல்லிமலையிலிருந்து ஆண்டுதோறும் பதிவுகள் சேர்ந்துகொண்டே வந்தால்தான் எது குறைகிறது என்று நாளை யாரும் உறுதியாகப் பேச முடியும்.

கடைசியாக, மலைமக்கள் பக்கமிருந்து எழக்கூடிய கேள்வி. அவர்களுக்கு வருமானம் வேண்டாமா? நிச்சயமாகப் படம் கிடைக்கும் என்று சொன்னால்தானே வெளியூர்க்காரர் வருவார்? வருமானம் அவசியம், அந்த உரிமை முதலில் அவர்களுடையது. ஆனால் நிச்சயம் என்பதைப் புட்டியால்தான் தர வேண்டும் என்பதில்லை, பூ நாட்காட்டியாலும் தரலாம். மலையின் எந்த நாட்டில் (ஊர்ப்பிரிவில்), எந்த ஊரில், எந்த மாதம் எது பூக்கும் என்று அறிந்த இளைஞர் ஒருவர் வழிகாட்டினால், கூலி கொடுத்து அவரோடு போகிறவருக்கு ஏமாற்றம் குறைவு. பதினான்கு நாடுகளாகப் பிரிந்த இந்த மலையில் உயரமும் ஈரமும் இடத்துக்கு இடம் மாறுவதால் ஏதாவது ஓரிடத்தில் பூ இருந்துகொண்டே இருக்கும். தங்கும் விடுதிகள் வெளிநாட்டுப் புல்தரையை விரிப்பதற்குப் பதில் கல்யாண முருங்கையையும் செம்பருத்தியையும் வாழையையும் வைத்தால், விருந்தினர் திண்ணையில் உட்கார்ந்தே படம் எடுக்கலாம். விடியலில் அகன்ற வாழை இலையில் தங்கிய பனித்துளியில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு புரண்டு குளிப்பதையும் அங்கேயே காணலாம். இதற்கு முதலீடு சில கன்றுகளும் கொஞ்சம் பொறுமையும். வருகிறவர் தரப்பிலும் ஒழுங்கு வேண்டும். கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்தால், அது எதிரி வந்ததாக எண்ணித் தேன் எடுக்கும் நேரத்தைச் சண்டையில் வீணாக்கும். கூட்டை மறைக்கும் இலையை ஒதுக்கிப் படம் எடுத்தால் காகத்துக்கு வழிகாட்டியதாகும். தோட்டத்துக்குள் கேட்காமல் நுழைவது, மிளகுக்கொடியை மிதிப்பது, கூடிருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் அறிவிப்பது, இவை எல்லாம் பறவைக்கும் உழவருக்கும் ஒருசேரச் செய்யும் தீங்கு.

படம் நன்றாக வருமா என்ற ஐயம் மிச்சமிருக்கலாம். புட்டியும் ஐந்து ஃபிளாஷும் தரும் மாசற்ற கூர்மை பூவருகே காத்திருப்பவருக்கு எப்போதும் கிடைக்காது. அதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும். இலை குறுக்கே வரும், இறக்கை மங்கும், பனி மூடும். ஆனால் ஒரு படத்தின் மதிப்பு கூர்மையோடு முடிவதில்லை. இறக்கை சற்று மங்கிய படத்தில் பறக்கும் வேகம் இருக்கிறது. குறுக்கே வந்த இலையில் அந்தச் செடியின் பெயர் இருக்கிறது. நெற்றியில் ஒட்டிய மகரந்தத்தில் அடுத்த ஆண்டின் காய் இருக்கிறது. இருபது ஆண்டு கழித்து இந்த மலையில் என்ன இருந்தது என்று கேட்கிறவருக்கு வண்ண அட்டைக்கு முன்னால் நிற்கும் பறவை பதில் சொல்லாது, வாழைப்பூவில் தொங்கும் பறவை சொல்லும். அடுத்த பயணத்துக்குத் திட்டமிடுகிறவர் கேமராவுக்கு லென்ஸ் தேடுவதற்கு முன், தம் தெருவில் இந்த மாதம் என்ன பூத்திருக்கிறது என்று எழுதத் தொடங்கட்டும். அந்தக் குறிப்பேட்டோடு கொல்லிமலை ஏறட்டும். வசதி வாய்த்தால் அதே குறிப்பேட்டோடு ஆண்டிஸ் மலைக்கும் போகட்டும். திரும்பி வரும்போது பதிவுகளைப் பொதுவில் சேர்த்துவிட்டு, வழிகாட்டிய மலைக்காரருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட்டு, அங்கே தேன் தந்த மரத்தை வெட்டாமல் வைத்திருப்பது அவருக்கு லாபம் என்று காட்டிவிட்டு வரட்டும். தேன்சிட்டைக் காக்க வெளியூர்ப் பயணி செய்யக்கூடிய உருப்படியான காரியம் அதுதான்.